மெய்நிகர் சர்வரில் இரண்டாவது பிணைய இடைமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்நிகர் சர்வரில் இரண்டாவது பிணைய இடைமுகத்தை (சர்வரைப் பிணையத்தோடு இணைக்கும் கார்டு; இன்டர்ஃபேஸ் என்பதும் இதுவே) சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவரவர் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு குழம்பாமல் இருக்க எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அமேசான் வெப் சர்வீசஸில் ஓடும் உபுண்டு 24.04 சர்வர் அது. ஈஎன்எஸ்5 என்ற முதல் இடைமுகத்தின் முகவரி 10.0.1.10, கேட்வே (வெளிப் பிணையங்களுக்குச் செல்லும் வாசல்) 10.0.1.1, ஈஎன்எஸ்6 என்ற இரண்டாவதன் முகவரி 10.0.2.20, கேட்வே 10.0.2.1. இரண்டும் வெவ்வேறு சப்நெட்டுகளில், அதாவது பிணையத்தின் வெவ்வேறு உட்பிரிவுகளில் உள்ளன. பிற தளங்கள் மாறுபடும் இடங்களில் அதைத் தனியே குறித்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே ஒரு இன்டர்ஃபேஸ் நல்லா ஓடுது. இன்னொண்ணு எதுக்கு?

பெரும்பாலும் போக்குவரத்தைப் பிரித்து வைப்பதற்காக. பொதுமக்கள் வந்து போகும் வலைப்பக்கம் ஒரு சப்நெட்டிலும், டேட்டாபேஸ், பேக்கப், நிர்வாக நுழைவு ஆகியவை வெளியுலகம் எட்ட முடியாத இன்னொரு சப்நெட்டிலும் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. சர்வரே ரூட்டராகவோ ஃபயர்வாலாகவோ வேலை செய்ய வேண்டுமானால், இரு பக்கமும் கால் வைக்க அதற்கு இரண்டு இடைமுகங்கள் தேவை.

மூன்றாவதாக ஒரு பயனும் உண்டு. அமேசானில் இரண்டாவது இடைமுகத்தை ஒரு சர்வரிலிருந்து கழற்றி, அதே அவைலபிலிட்டி ஸோனில் (தரவு மையத் தொகுதியில்) உள்ள இன்னொரு சர்வரில் மாட்டலாம். முகவரியும், கார்டின் அடையாள எண்ணான மேக் எண்ணும் இடைமுகத்தோடேயே போய்விடும். மேக் எண்ணோடு பிணைக்கப்பட்ட உரிமம் கேட்கும் பழைய மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கு இது பேருதவி.

எனக்கு ரெண்டு ஐபி மட்டும்தான் வேணும். அதுக்கும் இதைத்தான் செய்யணுமா?

வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாவது முகவரிதான் தேவை, இரண்டாவது இடைமுகம் அன்று. ஒரே சர்வரில் இரண்டு வலைத்தளங்களுக்குத் தனித்தனி முகவரி வேண்டும் என்றால், இருக்கும் இடைமுகத்திலேயே இன்னொரு முகவரியைச் சேர்த்துவிடலாம். கீழே வரப்போகும் ரூட்டிங் (தரவுப் பொட்டலங்களான பாக்கெட்டுகளுக்கு வழி தேர்ந்தெடுப்பது) தலைவலி எதுவும் அதில் இல்லை. சப்நெட் வேறாக இருந்தாலோ, பாதுகாப்பு விதிகள் வேறாக இருந்தாலோ மட்டும் இடைமுகத்தைச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ரெண்டு இன்டர்ஃபேஸ் போட்டா வேகம் ரெண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. அமேசான் போன்ற மேகத் தளங்களில் அலைவரிசை வரம்பு பொதுவாக சர்வரின் வகையைப் பொறுத்தே விதிக்கப்படுகிறது. வேகம் போதவில்லை என்றால் சர்வரின் வகையை மாற்ற வேண்டும்.

சர்வரை நிறுத்தாமலே சேர்க்க முடியுமா?

அது தளத்தைப் பொறுத்தது. அமேசானில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே மாட்டலாம். ஆனால் இடைமுகத்தின் சப்நெட், சர்வர் இருக்கும் அதே அவைலபிலிட்டி ஸோனில் இருக்க வேண்டும். எத்தனை இடைமுகங்கள் என்பதற்கும் வகைவாரி வரம்பு உண்டு. டி3 மைக்ரோ போன்ற சிறிய வகையில் இரண்டோடு நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் அஷூரில் சர்வரை நிறுத்தி, ஒதுக்கீட்டையும் விடுவித்த பிறகே சேர்க்க முடியும். எல்லா இடைமுகங்களும் ஒரே மெய்நிகர் பிணையத்துக்குள் இருந்தாக வேண்டும். கூகுள் கிளவுடில் வழக்கமான இடைமுகங்களைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு: ஒவ்வொன்றும் வெவ்வேறு விபிசி பிணையத்தில் (தளத்துக்குள் அமைக்கும் தனி மெய்நிகர் பிணையம்) இருக்க வேண்டும், சர்வரை உருவாக்கும்போதே அதை முடிவு செய்துவிட வேண்டும்.

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் ஓடும் சொந்தக் கணினியில் விர்ஷ் கருவியின் அட்டாச்-இன்டர்ஃபேஸ் கட்டளை இதைச் செய்யும். அதில் லைவ், கான்ஃபிக் ஆகிய இரண்டு தெரிவுகளையும் சேர்த்தே கொடுங்கள். லைவ் மட்டும் கொடுத்தால் சர்வரை அடுத்த முறை நிறுத்தித் தொடங்கும்போது இடைமுகம் இருக்காது. கான்ஃபிக் மட்டும் கொடுத்தால் அதுவரை வராது.

கன்சோல்ல சேர்த்தாச்சு, அட்டாச்டுனு காட்டுது. உள்ளே போய்ப் பார்த்தா ஐபி இல்லையே?

தளத்தின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் செய்தது, கணினியில் ஒரு கார்டைச் செருகியதற்குச் சமம். அதற்கு முகவரி கொடுக்கும் பொறுப்பு சர்வருக்குள் இருக்கும் இயங்குதளத்தினுடையது. அமேசான் லினக்ஸில் அதற்கென்று ஒரு துணைக்கருவி இருப்பதால் வேலை தானாகவே நடந்துவிடும். மற்ற இயங்குதளங்களில் நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கலாம்.

முதலில் "ஐபி லிங்க்" என்ற கட்டளையைக் கொடுங்கள். ஈஎன்எஸ்6 பட்டியலில் தெரிந்து, அதன் எதிரே "டவுன்" என்று இருந்தால் கார்டு வந்துவிட்டது, அமைப்பு மட்டும் பாக்கி என்று பொருள். பட்டியலிலேயே இல்லை என்றால், அதைச் சேர்த்த தளத்தின் பக்கம்தான் கோளாறு. உபுண்டுவில் பிணைய அமைப்பைக் கோப்பிலிருந்து எடுத்துச் செயல்படுத்தும் நெட்பிளானைத் தொட்டுப் பயனில்லை.

ஈத்1னு வரும்னு நினைச்சேன். ஈஎன்எஸ்6னு வருது. இது மாறிக்கிட்டே இருக்குமா?

பழைய லினக்ஸில் ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் கார்டுகள் கண்டறியப்பட்ட வரிசைப்படி வந்தன. அதனால் மறுதொடக்கத்தில் பெயர்கள் இடம் மாறிக்கொள்ளும் அபாயம் இருந்தது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த, லினக்ஸின் தொடக்க மேலாளரான சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பிலிருந்து, கார்டு செருகப்பட்டுள்ள இடத்தை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. சொந்தக் கணினியில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் முதல் கார்டு ஈஎன்பி0எஸ்3 என்றும் இரண்டாவது ஈஎன்பி0எஸ்8 என்றும் வருவது இதனால்தான்.

கார்டின் இடம் மாறாதவரை பெயரும் மாறாது. ஆனால் வேறு வகை சர்வருக்கு மாறும்போதோ வேறு தளத்துக்கு நகர்த்தும்போதோ மாறிவிடலாம். ஆகவே அமைப்புக் கோப்பில் மேக் எண்ணைக் கொண்டு அடையாளம் காட்டுவதே பாதுகாப்பானது. அப்படிச் செய்தவர்கள், அந்த சர்வரை நகலெடுத்துப் புதிய சர்வர் உருவாக்கினால் கோப்பில் பழைய மேக் எண்ணே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நெட்பிளான் ஃபைல்ல என்ன எழுதணும்?

ஈடிசி அடைவின் கீழ் உள்ள நெட்பிளான் அடைவில் புதிதாக ஒரு கோப்பை உருவாக்குங்கள். இருக்கும் கோப்பைத் தொட வேண்டாம். அதில் ஈஎன்எஸ்6 இடைமுகத்துக்கான மேக் எண், முகவரியாக 10.0.2.20/24 ஆகிய இரண்டும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அமேசானில் ஓர் இடைமுகத்தின் முதன்மைத் தனிமுகவரி அதன் ஆயுள் முழுவதும் மாறாது. ஆகவே முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி இல்லாமல் நேரடியாக எழுதிவிடலாம். கேட்வே பற்றிய வரி எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் "கேட்வே4" என்றொரு வரி இருக்கும். அது வழக்கொழிந்த முறை.

இது யாமல் வடிவக் கோப்பு என்பதால் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. டேப் விசையைப் பயன்படுத்தினால் கோப்பை ஏற்காது, ஸ்பேஸ் மட்டும்தான். கோப்பின் அனுமதி 600 என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும்.

கோப்பை மாத்தினா எஸ்எஸ்எச் அறுந்துடுமோன்னு பயமா இருக்கு.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பைப் பற்றிய அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் "நெட்பிளான் அப்ளை" கொடுப்பதற்கு முன் "நெட்பிளான் ட்ரை" கொடுக்கச் சொல்கிறோம். அது மாற்றத்தைச் செயல்படுத்திவிட்டு, 120 விநாடிகளுக்குள் என்டர் விசையை நீங்கள் அழுத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இணைப்பு அறுந்திருந்தால் உங்களால் அழுத்த முடியாது. அதுவே உங்களைக் காப்பாற்றும்.

பிணையம் இல்லாமலே உள்ளே நுழையும் வழி ஒன்றையும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அமேசானில் நைட்ரோ வகை சர்வர்களுக்கு சீரியல் கன்சோல் உண்டு. ஆனால் அதில் உள்நுழையக் கடவுச்சொல் வேண்டும். எஸ்எஸ்எச் சாவியை மட்டுமே பயன்படுத்தி வந்தவர்களின் பயனர் கணக்கில் கடவுச்சொல்லே இருக்காது. அதை வைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ரெண்டுக்கும் டிஃபால்ட் கேட்வே கொடுத்தா என்ன தப்பு?

லினக்ஸின் முதன்மை ரூட்டிங் அட்டவணையில் இயல்புவழி (வேறு வழி குறிக்கப்படாத பாக்கெட்டுகள் செல்லும் வழி, அதாவது டிஃபால்ட் கேட்வே) இரண்டு இருந்தால், முன்னுரிமையைக் காட்டும் மெட்ரிக் எண் குறைவாக உள்ளதே எப்போதும் வெல்லும். மற்றது சும்மா இருக்கும். இரண்டாவது இடைமுகம் தற்செயலாகக் குறைந்த எண்ணைப் பெற்றுவிட்டால், வெளியே செல்லும் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியே திரும்பி, சர்வர் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டதுபோல் ஆகிவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸில் பயில்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதல் கார்டு நாட் முறையில் (சொந்தக் கணினியின் இணைப்பு வழியே வெளியே செல்லும் முறை) 10.0.2.15 என்ற முகவரியையும் 10.0.2.2 என்ற கேட்வேயையும் பெறுகிறது. இரண்டாவதாக, சொந்தக் கணினியோடு மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி கார்டைச் சேர்த்து, அதற்கு 192.168.56 வரிசையில் ஒரு முகவரியோடு கேட்வேயும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிணையத்துக்கு வெளியே செல்லும் வழியே கிடையாது. கேட்வே வரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

சர்வர்லேர்ந்து எல்லாத்துக்கும் பிங் போகுது. வெளியேர்ந்து ரெண்டாவது ஐபிக்கு வந்தா மட்டும் பதிலே இல்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இரண்டாவது இடைமுகத்துக்கு ஒரு பொதுமுகவரியைப் பிணைத்துவிட்டு, வெளியே 203.0.113.7 என்ற கணினியிலிருந்து பிங் செய்கிறீர்கள் (பதில் வருகிறதா என்று சோதிக்கிறீர்கள்) என்று கொள்வோம். சர்வரில் இரண்டு முனையங்களைத் திறந்து, இரு இடைமுகங்களையும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவி கொண்டு கவனியுங்கள். ஈஎன்எஸ்6இல் 203.0.113.7இலிருந்து 10.0.2.20க்கு வரும் வேண்டுகோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், பதில் ஒன்றுகூட இருக்காது. ஈஎன்எஸ்5ஐப் பாருங்கள்: 10.0.2.20இலிருந்து 203.0.113.7க்குப் பதில்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருக்கும். சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, தவறான வழியில் சொல்கிறது. ஈஎன்எஸ்5க்குச் சொந்தமில்லாத மூலமுகவரியோடு வரும் அந்தப் பாக்கெட்டுகளைத் தளம் கழித்துவிடுகிறது.

காரணம் எளிது. லினக்ஸ் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பாக்கெட் எங்கே போகிறது என்பதைத்தான் இயல்பாகப் பார்க்கிறது. எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பார்ப்பதில்லை. போகுமிடம் வெளியுலகம் என்றால் இயல்புவழியான ஈஎன்எஸ்5தான். மூலமுகவரியையும் பார்க்க வைக்க, கொள்கைவழி ரூட்டிங் தேவை. நெட்பிளான் கோப்பில் ஈஎன்எஸ்6க்குக் கீழே மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும்: 10.0.2.1 வழியாகச் செல்லும் இயல்புவழி, 100 என்ற எண்ணுள்ள தனி அட்டவணையில்; அதே அட்டவணையில் 10.0.2.0/24 சப்நெட்டுக்கான நேரடி வழி, 10.0.2.20இலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகள் அட்டவணை 100ஐப் பார்க்க வேண்டும் என்ற விதி. அட்டவணை எண்ணாக 253, 254, 255 ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அவை முன்பே ஒதுக்கப்பட்டவை. முதன்மை அட்டவணையில் ஒரே இயல்புவழிதான் இருக்கிறது என்பதால், முந்தைய விடையில் சொன்ன சிக்கல் இங்கே எழாது.

சரிபார்க்க வெளியிலிருந்து பிங் செய்யவே வேண்டியதில்லை. "ஐபி ரூட் கெட்" என்ற கட்டளையில் போகுமிடமாக 203.0.113.7ஐயும் "ஃப்ரம்" என்பதற்கு 10.0.2.20ஐயும் கொடுங்கள். முன்பு 10.0.1.1 வழியாக ஈஎன்எஸ்5 என்று காட்டியது, இப்போது 10.0.2.1 வழியாக ஈஎன்எஸ்6 என்று காட்ட வேண்டும்.

அந்த விதியெல்லாம் போட்டாச்சு. இப்பவும் வரலை.

மீண்டும் டிசிபிடம்ப்தான் கதி. வேண்டுகோளே ஈஎன்எஸ்6க்கு வரவில்லை என்றால் சர்வருக்குள் தேடாதீர்கள். அமேசானில் செக்யூரிட்டி குரூப் என்ற ஃபயர்வால் விதித் தொகுப்பு ஒவ்வோர் இடைமுகத்துக்கும் தனித்தனியாகப் பொருந்துவது; முதல் இடைமுகத்துக்குத் திறந்துவிட்ட போர்ட் இரண்டாவதற்கும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த சப்நெட்டின் ரூட்டிங் அட்டவணையில் இன்டர்நெட் கேட்வே உள்ளதா என்றும் பாருங்கள்.

வேண்டுகோள் வருகிறது, ஆனால் எந்த இடைமுகத்திலும் பதில் இல்லை என்றால், ஃபயர்வாலை அடுத்து ஐயப்பட வேண்டியது ஆர்பி ஃபில்டர் என்ற கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) அமைப்பு. வந்த பாக்கெட்டுக்கான பதில் அதே இடைமுகம் வழியே திரும்புமா என்று பார்த்து, திரும்பாது என்றால் அது பாக்கெட்டை வாசலிலேயே கைவிடும். மதிப்பு 1 என்றால் இந்தக் கண்டிப்பான சோதனை. 2 என்றால் ஏதேனும் ஓர் இடைமுகம் வழியே திரும்ப முடிந்தால் போதும். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் 2 என்றும் ரெட் ஹாட் வகை லினக்ஸில் 1 என்றும் இருக்கும். "ஆல்" என்பதற்குக் கீழுள்ள மதிப்பு, இடைமுகத்தின் மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதே செல்லும். விதி சரியாக எழுதப்பட்டிருந்தால் கண்டிப்பான சோதனையிலும் பாக்கெட் தேறிவிடும். ஆகவே 0 என்று வைத்துச் சோதனையையே அணைத்துவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. லாக் மார்ஷியன்ஸ் என்ற அமைப்பை இயக்கினால், இப்படிக் கைவிடப்பட்டவை "மார்ஷியன் சோர்ஸ்" என்ற பெயரில் கெர்னல் பதிவில் தெரியும்.

ரெண்டு இன்டர்ஃபேஸும் ஒரே சப்நெட்ல இருந்தா பரவாயில்லையா?

தளம் அனுமதிக்கும், ஆனால் தவிர்ப்பது நல்லது. லினக்ஸில் முகவரி இடைமுகத்துக்குச் சொந்தமன்று, கணினி முழுமைக்கும் சொந்தம். அதனால் "10.0.1.11 யாரிடம் இருக்கிறது" என்ற ஏஆர்பி (முகவரிக்கு உரிய மேக் எண்ணைக் கண்டறியும் முறை) கேள்விக்கு, அந்த முகவரி இல்லாத இடைமுகமும் தன் மேக் எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடக்கூடும். சொந்தப் பிணையத்தில் இது, கெர்னல் அமைப்புகளான ஏஆர்பி இக்னோரை 1 என்றும் ஏஆர்பி அனவுன்ஸை 2 என்றும் வைத்துச் சரிசெய்யக்கூடியது. மேகத் தளத்தில் ஏஆர்பி சிக்கல் பெரிதாக எழாவிட்டாலும், பதில் தவறான இடைமுகத்தில் வெளியேறும் பழைய கதை இங்கும் உண்டு. மேலே சொன்ன விதியை ஒவ்வொரு முகவரிக்கும் எழுத வேண்டியிருக்கும். இந்த நிலையில் இருப்பவர்கள் இரண்டாவது கேள்வியின் விடையை இன்னொரு முறை படிக்கலாம்.

டேட்டாபேஸ் உள் இன்டர்ஃபேஸ்ல மட்டும் கேட்கணும். இன்டர்ஃபேஸ் சேர்த்தாலே அது நடந்துடுமா?

நடக்காது; பல வேளைகளில் நேர்மாறாகவே நடக்கும். 0.0.0.0 என்ற முகவரியில் கேட்கும்படி அமைக்கப்பட்ட எந்தச் சேவையும், புதிய இடைமுகம் வந்த கணத்திலிருந்து அதன் வழியேயும் கேட்கத் தொடங்கிவிடும். "எஸ்எஸ்" கட்டளை கொண்டு எந்தச் சேவை எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் லிசன் அட்ரஸஸ் என்ற அமைப்பில், மைஎஸ்க்யூஎல் என்றால் பைண்ட் அட்ரஸ் என்ற அமைப்பில் 10.0.2.20 என்று குறிப்பிட்டு எழுத வேண்டும்.

அதோடு நிறுத்தக் கூடாது. முகவரி கணினி முழுமைக்கும் சொந்தம் என்று முன் விடையில் சொன்னோம் அல்லவா? 10.0.2.20ஐத் தேடி ஈஎன்எஸ்5 வழியே ஒரு பாக்கெட் வந்தால் லினக்ஸ் அதையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆகவே ஃபயர்வாலில் முகவரியோடு இடைமுகத்தின் பெயரையும் சேர்த்தே விதி எழுதுங்கள்.

எஸ்எஸ்எச் வருது, சின்ன ஃபைல் போகுது. பெரிய ஃபைல் பாதியிலேயே நின்னுடுது.

இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருத்தமின்மையின் அடையாளம். அமேசானின் விபிசிக்குள் 9001 பைட் வரை செல்லும், இன்டர்நெட் கேட்வே வழியே 1500தான். கூகுள் கிளவுடில் இயல்பு மதிப்பு 1460. பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கச் சொல்லி வரும் ஐசிஎம்பி (பிணையப் பிழைகளை அறிவிக்கும் நெறிமுறை) அறிவிப்பை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், அனுப்புபவருக்கு அது தெரியாமலே போகிறது.

துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு, 1472 என்ற அளவில் பிங் செய்து பாருங்கள். அதனுடன் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போய், 8973 போகவில்லை என்றால் இடைமுகத்தின் எம்டியுவை 1500 ஆக்குங்கள். ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுக்கும் ஃபயர்வால் உங்களுடையதாக இருந்தால், அதைத் திருத்துவதே முறை.

ரீபூட் பண்ணினதும் எல்லாம் போச்சு. இல்லேன்னா பூட் ஆக ரெண்டு நிமிஷம் எடுக்குது.

"ஐபி" கட்டளையால் நேரடியாகச் செய்தவை எல்லாம் நினைவகத்தில் மட்டும் இருப்பவை; கோப்பில் எழுதாதவரை மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். கோப்பில் எழுதியும் போனால், சர்வரின் தொடக்க அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் உருவாக்கும் 50 என்று தொடங்கும் கோப்பையே நீங்கள் திருத்தியிருக்கலாம். அதை கிளவுட்-இனிட் மீண்டும் எழுதிவிடக்கூடும். தனிக் கோப்பு வேண்டும் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான்.

தாமதத்துக்குக் காரணம், எல்லா இடைமுகங்களும் தயாராகும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி சேவை. இரண்டாவது இடைமுகம் இல்லாமலும் சர்வர் எழலாம் என்றால், நெட்பிளானில் அதற்கு "ஆப்ஷனல்" என்று குறித்துவிடுங்கள்.

சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். பப்ளிக் ஐபியே காணோம்!

அமேசானில் தானாக ஒதுக்கப்பட்ட பொதுமுகவரி, சர்வரை நிறுத்தும்போது விடுவிக்கப்படுகிறது. ஒரே இடைமுகம் இருந்தால் மீண்டும் தொடங்கும்போது புதியது ஒன்று கிடைக்கும்; ஒன்றுக்கு மேற்பட்டவை இணைந்திருந்தால் கிடைக்காது. இதற்குத் தீர்வு எலாஸ்டிக் ஐபி, அதாவது விடுவிக்கும்வரை உங்களிடமே இருக்கும் நிலையான பொதுமுகவரி. இடைமுகத்தைச் சேர்ப்பதற்கு முன்பே முதல் இடைமுகத்துக்கு ஒன்றைப் பிணைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் எல்லாப் பொது ஐபிவி4 முகவரிகளுக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம் என்பதால், இரண்டாவது இடைமுகத்துக்கும் பொதுமுகவரி உண்மையிலேயே தேவையா என்று யோசித்துக்கொள்ளவும்.

வேண்டாம்னு ஆயிடுச்சு. எப்படிக் கழட்டுறது?

சேர்த்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். அந்த முகவரியில் கேட்கும் சேவைகளை முதலில் மாற்றுங்கள், பிறகு நெட்பிளான் கோப்பை நீக்கிச் செயல்படுத்துங்கள், கடைசியாகக் கன்சோலில் கழற்றுங்கள். முதன்மை இடைமுகத்தை அமேசான் கழற்ற விடாது என்பதால், தவறிப்போய் அதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்தில்லை.

கழற்றிய இடைமுகம் தானாக அழியாது. சர்வரையே அழித்தாலும், பின்னர் சேர்க்கப்பட்ட இடைமுகம் இயல்பாக அப்படியே இருந்து ஒரு முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில மாதங்கள் கழித்து அந்த சப்நெட்டையோ செக்யூரிட்டி குரூப்பையோ நீக்க முயலும்போது, பயன்பாட்டில் உள்ளது என்று மறுப்பு வந்தால், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பட்டியலில் "அவைலபிள்" என்ற நிலையில் உள்ளவற்றைத் தேடிப் பாருங்கள்.